கழுதைக்கு அடித்த மணி

மௌலிக்கு இரண்டாவது முறையும் மணி அடிக்கவில்லை.

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் மேடையில் இருந்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, வெள்ளித் தட்டில் உட்கார வைத்திருந்தார்கள். மௌலி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கோகிலாவை எந்த நிலையிலும் நான் கைவிட மாட்டேன்" என்றான். வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. கருவி வாயைத் திறக்கவில்லை. நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அதைக் கழற்றித் துடைத்து உறையில் போட்டார்.

அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் பாலிடெக்னிக்கில் அளவுக் கருவிகள் பாடம் எடுக்கிறவன். 'கொஞ்சம்' என்று நான் ஆரம்பித்தால் என் மாணவர்கள் பையைத் தலைக்கு வைத்துக்கொள்வார்கள். ஆனாலும் சொல்கிறேன்.

'சொன்னான், செய்யவில்லை' என்ற வழக்குகள் நீதிமன்றங்களில் மலையாகக் குவிந்துபோனதால், வீட்டுக்கு ஒன்றாக அரசாங்கம் இதைச் சுவரில் மாட்டியது. முழுப்பெயர் வாக்குறுதிப் பதிவுக் கருவி. மணி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். நீங்கள் 'தருகிறேன்', 'வருகிறேன்' என்று சொல்லும்போது அது உங்கள் தொண்டை நடுக்கத்தைக் கேட்கிறது. கையில் கட்டியிருக்கும் காப்பு நாடியையும் மூச்சையும் பார்க்கிறது. எல்லாம் ஒத்துப்போனால், அதாவது சொன்னதைச் செய்யும் எண்ணம் உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால், டிங் என்று ஒரு சத்தம். சொன்னவருடைய காப்பு மட்டும் ஒருமுறை அதிரும். வாக்கு பதிவாகிவிட்டது. பிறகு அதை மீறினால் காப்பு சிவப்பாகும். சிவப்புக் காப்புக்காரருக்குக் கோயம்புத்தூரில் வாடகைக்கு வீடு கிடைக்காது. சொந்த வீடு வைத்திருப்பவருக்கோ, அதைப் பார்க்க வரும் விருந்தாளிகூடக் கிடைக்க மாட்டார்.

அருமையான பொறியியல். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். பொய் சொல்கிறவர்கள் திருந்துவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. யாரும் எதையும் சொல்வதையே விட்டுவிட்டார்கள். தையற்காரரிடம் "எப்பக் கெடைக்கும்?" என்று கேட்டால் துணியை மடித்து வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்க்கிறார். தேர்தலில் நிற்பவர்கள் "சாக்கடை வரும்" என்கிறார்கள், யார் கொண்டுவருவது என்று சொல்வதில்லை. ஒரே ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு "நானே வந்து தோண்டுறேன்" என்று சொல்லப்போய் மணி அடித்துவிட்டது. மண்வெட்டியோடு இடுப்பளவு பள்ளத்தில் அவர் நிற்கும் படம் எல்லாக் கட்சி அலுவலகத்திலும் எச்சரிக்கையாகத் தொங்குகிறது. விருந்தாளியிடம் "இருங்க, ரெண்டு தோசை ஊத்தறேன்" என்றால் அவர் முதலில் சுவரைப் பார்ப்பார். மணி அடித்தால் உட்காருவார். அடிக்காவிட்டால் செருப்பைத் தேடுவார்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. மணி அடித்த சொல்லை மீறினால் தண்டனை. மணி அடிக்காத சொல்லை? மீறலாம், ஒன்றும் ஆகாது. அதனால் மணி அடிக்காத சொல்லை யாரும் காப்பாற்றுவதும் இல்லை. அப்படி ஒருவர் காப்பாற்றினார் என்று நான் கடைசியாகக் கேள்விப்பட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

கல்யாண வீட்டுக்குள் கருவி நுழைந்த வேகத்தைத்தான் சொல்ல வேண்டும். வந்த ஒரு வருஷத்துக்குள், காலங்காலமாக இருந்துவரும் சடங்குபோல ஆகிவிட்டது. மாப்பிள்ளை மணி அடிக்கிற மாதிரி வாக்குச் சொல்ல வேண்டும். மூன்று முகூர்த்தங்களில் மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் சம்பந்தம் முறிந்தது. பெண் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தலை குனிந்து நின்றால் போதும்.

மௌலிக்கு இன்னும் ஒரு வாய்ப்புதான் இருந்தது.

*

அன்று மத்தியானம் பட்டுச் சட்டையோடு என் வீட்டு சோபாவில் விழுந்து கிடந்தான். ஜெசிந்தா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பல் டாக்டர். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு எரிச்சல் வரும். நாங்கள் நான்கு பேரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். நான்காவது ஆள் கோகிலா. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டபத்திலிருந்து நேராக ஸ்கூட்டரில் வந்திருந்தாள்.

"எனக்கு அவ வேணும்டா" என்றான் மௌலி, கூரையைப் பார்த்து.

"அவ இங்கதான் நிக்கறா. அவகிட்டயே சொல்லு" என்றாள் ஜெசிந்தா.

மௌலி எழுந்து உட்கார்ந்தான். கோகிலாவைப் பார்த்தான். தொண்டையைக் கனைத்தான். காது சிவந்தது. "அது... வந்து... பாக்கலாம்" என்றான்.

"மண்டபத்துல இருந்த மைக்கே தேவல" என்றாள் கோகிலா.

"பயிற்சிக்குப் போனியே, என்னாச்சு?" என்று கேட்டேன். காந்திபுரத்தில் தடுக்கி விழுந்தால் மணிப் பயிற்சி மையம்தான்.

"மூச்சப் பத்திச் சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் சும்மா இருக்கறப்பக்கூட எனக்கு மூச்சு ஞாபகம் வந்துருது. நெஜமாவே எனக்கு அவ மேல விருப்பம் இல்லியோ, மெஷினுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலியோன்னு நெனச்சுட்டுப் படுத்திருக்கேன்."

இங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "டேய், மெஷினுக்கு உன் மனசு தெரியாது. மூச்சு தடுமாறுதான்னு மட்டும்தான் அது பாக்குது. பொய் சொல்றவனுக்கும் தடுமாறும், பயந்தவனுக்கும் தடுமாறும். தராசுக்கு அரிசியும் தெரியாது, கல்லும் தெரியாது. எடை மட்டும்தான் தெரியும்."

"அப்ப பயம் போகணும். அவ்வளவுதான?" என்றாள் கோகிலா. "அதுக்கு ஒரு வழி சொல்லு வாத்தி. எங்க கிட்டுச்சாமி மாமா இப்பவே வேற ஜாதகம் பொறட்ட ஆரம்பிச்சுட்டார்."

என்னிடம் வழி இருந்தது. வழி என்பதைவிட, ரொம்ப நாளாக யாரிடமாவது பிரயோகிக்கக் காத்திருந்த ஒரு ஆசை.

"ஒரு வெளையாட்டு இருக்கு" என்றேன். "எல்லாரும் ஒரு மேசையச் சுத்தி உக்காருவோம். ஆளுக்கு ஒரு பாத்திரம். நான் கதை சொல்லுவேன். 'இப்ப நீங்க ஒரு கோட்டை வாசல்ல நிக்கறீங்க, என்ன பண்றீங்க?'ன்னு கேப்பேன். உங்க பாத்திரம் என்ன பண்ணும்னு நீங்க சொல்லணும். நடக்குமா நடக்காதாங்கறதக் கட்டை உருட்டிப் பாப்போம்."

"யாரு ஜெயிப்பா?" என்றாள் ஜெசிந்தா.

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க."

"தோக்கறது?"

"யாரும் தோக்கவும் மாட்டாங்க."

"அப்பறம் என்ன கருமத்துக்கு வெளையாடறது?"

"என்ன ஆகும்னு பாக்கறதுக்கு" என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. ஆனால் கோகிலா புடவைச் செருகலை அவிழ்த்துவிட்டு மேசையருகே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

*

என்னிடம் இருந்தது பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. அதையே எடுத்துக்கொண்டேன். விதிகளை எளிமையாக வைத்தேன். தாயமோ பன்னிரண்டோ விழுந்தால் நினைத்தது அப்படியே நடக்கும். ஐந்தோ ஆறோ விழுந்தால் நடக்கும், ஆனால் பதிலுக்கு ஏதாவது ஒன்று போகும். மற்றதெல்லாம் தோல்வி. இவ்வளவுதான். நிகழ்தகவு எப்படிக் கணக்கிட்டேன் என்று விளக்க ஆரம்பித்தபோது ஜெசிந்தா என் வாயில் ஒரு முறுக்கைத் திணித்தாள்.

பாத்திரங்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஜெசிந்தா சூனியக்காரி நூறம்மா. கோகிலா, ஒரே கையில் மாட்டுவண்டியைத் தூக்கும் பயில்வான் மலைக்கண்ணி. மௌலி ஒரு திருடன், பெயர் செவ்வந்தியப்பன்.

"இதுவரைக்கும் என்னென்ன திருடியிருக்கான்?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒண்ணும் திருடல" என்றான் மௌலி. "சந்தர்ப்பம் பாத்துட்டிருக்கான்."

"சரி. நீங்க மூணு பேரும் மலையடிவாரத்துல ஒரு கோட்டை வாசல்ல நிக்கறீங்க. என்ன பண்றீங்க?"

மூவரும் கட்டையைப் பார்த்தார்கள்.

"மொதல்ல தாயம் விழட்டும்" என்றாள் ஜெசிந்தா.

"எதுக்கு?"

"தாயம் விழாம எப்படி வாத்தி எறங்கறது?"

"இது தாய வெளையாட்டு இல்ல. கட்டை மட்டும்தான் தாயக்கட்டை."

"கட்டைய உருட்டறோம்ல? அப்பத் தாயம் விழணும்" என்றாள் கோகிலா. மௌலியும் தலையாட்டினான். வருஷக்கணக்கில் எங்கள் மூளையில் ஊறிப்போன சட்டம் அது; என் புது விதிகள் அதன் முன் நிற்கவில்லை. அப்புறம் டீ கொதித்து, வடிகட்டி, ஆறிப்போகும் வரை மூன்று பேரும் மாற்றி மாற்றி உருட்டினார்கள். உலகத்தில் எத்தனையோ வீரர்கள் எத்தனையோ கோட்டைகளை முற்றுகையிட்டிருக்கலாம்; தாயம் விழாததால் வாசலிலேயே நின்றவர்கள் இவர்கள்தான். ஜெசிந்தாவுக்கு விழுந்தது. கோகிலாவுக்கு விழுந்தது. மௌலிக்கு விழவே இல்லை.

"இவனுக்கு எதுவும் விழாது, எதுவும் அடிக்காது" என்றாள் ஜெசிந்தா.

"விடு, நான் தோள்ல தூக்கிட்டு வந்துடறேன்னு வெச்சுக்க" என்றாள் கோகிலா. செவ்வந்தியப்பன் தன் முதல் சாகசப் பயணத்தில் அரிசி மூட்டைபோல நுழைந்தான்.

அடுத்த சிக்கல் அதைவிடப் பெரியது. "உள்ள ஒரு கதவு. என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

"கதவு தொறக்கறதுக்கு வாய்ப்பிருக்கு" என்றாள் கோகிலா.

"யாரு தொறக்கறா?"

"அப்படி ஒரு யோசனை இருக்கு" என்றான் மௌலி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரே 'நான் செய்கிறேன்' என்று சொல்ல மறந்துபோயிருந்தது. கதவைத் திறக்கக்கூட இவர்களுக்கு வாய் வரமாட்டேன் என்றது. கண் மட்டும் ஃப்ரிட்ஜுக்கு மேலே சுவரில் இருந்த மணியின் பக்கம் போய்ப் போய் வந்தது.

"அது அடிக்காதுடி. நடிச்சா அடிக்காது. மனசுல இருந்தாத்தான் அடிக்கும்" என்று நானும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஜெசிந்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நான் இந்தக் கோட்டையவே கொளுத்தறேன்!" என்று கத்திவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான்கு பேரும் சுவரைப் பார்த்தோம். சத்தமில்லை.

"ராஜாவே, என்ற கிளினிக்க உங்களுக்கே எழுதித் தர்றேன்!" என்றாள், கொஞ்சம் மெதுவாக. சத்தமில்லை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "நாளைக்கே தர்றேன்! நாற்காலியோட தர்றேன்!"

அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. கோகிலா ஏழு நாட்டு மன்னர்களுக்கும் படைகளை வாக்களித்தாள். மௌலிகூட ஒரு காவலாளியிடம் "உங்களுக்கு என் உயிரையே தர்றேன், கதவத் தொறங்க" என்று திக்காமல் சொன்னான். இந்த நகரத்தில் எத்தனையோ வருஷமாகச் சேர்ந்திருந்த 'செய்கிறேன்'கள் எல்லாம் அன்று சாயங்காலம் என் வீட்டில் கொட்டின. பக்கத்து வீட்டம்மா வந்து, "ஏனுங்க, இங்க யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

*

அடுத்த ஞாயிறு கதை மலைக்கு மேல் ஏறியது. மூட்டை சுமக்க ஒரு கழுதையைக் கொடுத்தேன். பெயர் பவுனு. கழுதையாகப் பேசும் பொறுப்பும் என்னுடையதுதான். என் வகுப்பில் கிடைக்காத கவனம் அதற்குக் கிடைத்தது. மௌலிக்குப் பவுனுவைப் பிடித்துப்போயிற்று. தன் பங்கு ரொட்டியைப் பிய்த்து அதற்குக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

மலைச்சரிவில் பாறை உருண்டது. பவுனுவுக்குப் பின்கால் ஒடிந்தது. எதிரில் பள்ளத்தின் மேல் ஒரு கயிற்றுப் பாலம், இற்றுப்போன கயிறு. பின்னால் மலை இடிந்துகொண்டிருக்கிறது.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"கழுதைய விடு, ஓடு" என்றாள் ஜெசிந்தா.

மௌலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாரு, இப்பவும் வாயத் தொறக்க மாட்டேங்கறான். கோகிலா, அந்தத் திருடனையும் விடு. நாம ரெண்டு பேரும் போலாம்."

அப்போது இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். மௌலி, கழுதை படுத்திருப்பதாக நாங்கள் வைத்துக்கொண்டிருந்த கால்மிதி பக்கம் குனிந்து, "பவுனு, இங்கியே இரு. நான் திரும்பி வந்து உன்னக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். கோகிலா ஜெசிந்தாவைப் பார்த்து, "மௌலி வாயத் தொறந்தாலும் சரி, தொறக்காட்டியும் சரி, அவன விட்டுட்டு நான் போக மாட்டேன்" என்றாள்.

"கோகிலா, மௌலின்னு சொல்லக் கூடாது" என்று நான் குறுக்கிட்டேன். "பாத்திரத்தோட பேரத்தான் சொல்லணும். செவ்வந்தி—"

டிங்.

ஜெசிந்தா நாற்காலியோடு எகிறினாள். "அடிச்சிருச்சு! மௌலிக்கு அடிச்சிருச்சுடா!"

"யாருக்குச் சொல்லி அடிச்சுதுன்னு பாரு!" என்று நான் கத்தினேன். "கழுதைக்கு!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மௌலி தன் காப்பைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், நாங்கள் விடவில்லை. கோகிலா மட்டும் சிரிக்காமல், வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பாவம், மனசு புண்பட்டிருக்கும் என்று நினைத்தேன். தனக்கு அடிக்காத மணி கழுதைக்கு அடித்தால் யாருக்குத்தான் வலிக்காது?

அவளைத் தேற்றுவதற்காக நான் சட்டம் பேசினேன். "இதுல வேடிக்கை என்னன்னா, யாருக்குச் சொன்னீங்க, எங்க வெச்சுச் சொன்னீங்கன்னெல்லாம் சட்டம் கேக்காது. யாரு சொன்னாங்கன்னு மட்டும்தான் கேக்கும். இல்லாத கழுதைக்குக்கூட இவன் இப்ப முறைப்படி கட்டுப்பட்டவன்."

விளையாட்டைத் தொடர்ந்தோம். பவுனுவை விட்டுவிட்டு மூவரும் பாலத்தைக் கடந்தார்கள். உதவிக்கு ஆள் யாருமில்லை என்றேன். பாலத்தின் கயிறு ஒவ்வொன்றாக அறுகிறது என்றேன். இப்போது திரும்பிப் போனால் தாயமோ பன்னிரண்டோ விழுந்தால்தான் முழுசாக வரலாம், அது பதினாறில் மூன்று தடவைதான் விழும் என்றேன்.

"நான் திரும்பிப் போறேன்" என்றான் மௌலி.

"போய்த்தான ஆகணும்? போகாட்டி காப்பு செவந்துருமே" என்று சிரித்தாள் ஜெசிந்தா.

மௌலி கட்டையை எடுக்கக் கை நீட்டினான். அதற்குள் கோகிலா இரண்டு கட்டையையும் அள்ளிக்கொண்டாள். மௌலியையே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் பார்த்து நான் பார்த்ததில்லை.

"இது அடுத்த வாரம் உருளட்டும்" என்று சொல்லி, கட்டைகளைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

*

மூன்றாவது முகூர்த்தம் வியாழக்கிழமை. அதற்குள் கழுதை விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஜெசிந்தா யாரிடமும் சொல்லவில்லை என்றாள். பல்லைக் குடைந்துகொண்டே நோயாளிகளிடம் பேசியதெல்லாம் கணக்கில் வராதாம்.

மண்டப வாசலிலேயே கிட்டுச்சாமி மாமா மௌலியைப் பிடித்துக்கொண்டார். அவர் கோகிலாவின் தாய்மாமன். தும்மினால்கூட நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்.

"ஏனுங் மாப்ள, நாலு கால் இருந்தாத்தான் உங்களுக்கு வாய் தொறக்குமுங்களா? முன்னமே சொல்லியிருந்தா புள்ளைய முட்டிபோட்டு நிக்கச் சொல்லியிருப்பமே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மௌலி அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. நான் அவன் காதில், "நெனச்சுக்க. எதிர்ல நிக்கறது பவுனு" என்றேன். இன்றைக்கு யோசித்தால், கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணைப் பற்றி மாப்பிள்ளையிடம் சொல்லக்கூடாத வார்த்தைகளில் அது முதலிடம் பெறும்.

மூன்றாம் முறைக்குப் பதிவு அலுவலகத்திலிருந்து ஆளைக் கூப்பிட்டு உட்கார வைப்பதும் வழக்கமாகியிருந்தது. வந்திருந்தவர் பரிமளா என்ற அம்மாள். வெள்ளித்தட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

மௌலி மைக்கைப் பிடித்தான். "கோகிலாவை..." என்றான். கூட்டத்திலிருந்து யாரோ கழுதைபோலக் கத்தினார்கள். மௌலியின் காது சிவந்தது. "எந்த நிலையிலும் நான்... கைவிட மாட்டேன்."

மல்லிகைச் சரத்திலிருந்து ஒரு பூ உதிர்ந்தது. வேறெதுவும் நடக்கவில்லை.

மாமா கையைத் தட்டினார். "அவ்வளவுதானுங்க. பந்தலப் பிரிக்கச் சொல்லுங்க. சாப்பாடு மட்டும் போட்டுருங்க, வீணாப் போயிரும்."

நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. அப்போது கோகிலா, குனிந்திருந்த தலையை நிமிர்த்தி, மௌலி கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"பரிமளா மேடம், என் பேர்ல ஏதாவது பதிவாயிருக்குதான்னு பாருங்க."

மாமா, "நீ எதுக்குக் கண்ணு..." என்று ஆரம்பித்தார். பரிமளா அம்மாள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு தன் கருவியைத் தட்டினார். கோகிலாவின் குரலே மண்டபம் முழுக்கக் கேட்டது: "மௌலி வாயத் தொறந்தாலும் சரி, தொறக்காட்டியும் சரி, அவன விட்டுட்டு நான் போக மாட்டேன்." அதைத் தொடர்ந்து என் குரல், "மௌலின்னு சொல்லக் கூடாது" என்று திருத்தியது. பிறகு டிங்.

என் வாழ்நாளில் எத்தனையோ கருவிகளைத் தவறாகப் படித்திருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து தவறாகப் படித்தது இதுதான் முதல் தடவை.

"அது செல்லாதுங்க" என்றார் மாமா. "மாப்பிள்ளதான் சொல்லணும். அதுதான முறை?"

"சட்டத்துல மாப்பிள்ளன்னு எங்கியும் இல்லீங்க. 'ஒருவர்'னுதான் இருக்கு" என்றார் பரிமளா அம்மாள். "சந்தனம் வெச்சது, பூச்சுத்துனது, மூணு தடவைன்னு சொன்னது எல்லாம் நீங்களா செஞ்சுக்கிட்டது. எங்க ஆபீஸ் அதுக்குப் பொறுப்பில்லீங்க."

"ஏன் கண்ணு, இத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீங்க யாராவது என்னைக் கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன் மாமா" என்றாள் கோகிலா. "ரெண்டு முகூர்த்தம் ஆச்சு. எல்லாரும் மெஷினையும் மாப்பிள்ளையையும்தான் பாத்தீங்க. எனக்கு அவனைப் புடிச்சிருக்கான்னு ஒருத்தரும் கேக்கல."

மண்டபத்தில் எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் நின்றால் கோகிலாவின் காப்பு சிவக்கும். சிவப்புக் காப்புள்ள வீட்டில் யார் சம்பந்தம் வைப்பார்கள்? மாமாவுக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்தான் முதலில் கணக்கை முடித்தார்.

"பந்தலப் பிரிக்கச் சொன்னது எவன்டா?" என்று கத்தினார். "கட்டு, கட்டு! நாதஸ்வரம் எங்க போச்சு?"

*

சாப்பாடு முடிந்து மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது ஜெசிந்தா கேட்டேவிட்டாள். "நெஜமாச் சொல்லு கோகிலா. மூணு தடவையும் அடிக்காதவன எப்படி நம்பறே?"

கோகிலா மௌலியைக் காட்டினாள். "அன்னைக்கு அதிர்ந்தது என்னோட காப்பு. அப்ப இவனுது அதிரல. அது யாருக்குத் தெரியும்?"

"உனக்கு" என்றேன்.

"எனக்கு மட்டும் இல்ல."

நாங்கள் மௌலியைப் பார்த்தோம். அவன் கை கழுவிய ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டேய்" என்றேன். "உனக்கு அடிக்கலன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. காப்பு அதிரலியே. சொல்லலாம்னு பாத்தேன், நீங்க விடல."

"அப்ப நீ அந்தக் கழுதைக்குக் கட்டுப்படவே இல்ல. பாலம் வேற அறுந்துட்டிருந்தது. எதுக்குடா திரும்பிப் போகப் பாத்தே?"

மௌலிக்கு என் கேள்வியே புரியவில்லை. "சொன்னேன்ல" என்றான்.

நான் படியில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டேன்.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் வந்தார்கள். கோகிலா கைப்பையிலிருந்து கட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள். அழைப்பு மணி அடித்தது. கிட்டுச்சாமி மாமா நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேனுங் தம்பி" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். பிறகு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் கேட்டார்: "அந்தக் கழுதை பொழச்சுதுங்களா?"

"இன்னும் தெரியாதுங்க மாமா. இப்பத்தான் உருட்டப் போறோம்."

"அப்ப நான் வேணா உருட்டட்டுமா? எனக்குக் கை ராசி."

மௌலி கட்டைகளை அவர் பக்கம் தள்ளினான். மாமா அவற்றை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, கண்ணை மூடி, உதட்டில் ஏதோ முணுமுணுத்து உருட்டினார். ஒன்றில் மூன்று. இன்னொன்றில் இரண்டு.

"அஞ்சு" என்றேன். "நெனச்சது நடக்கும், பதிலுக்கு ஒண்ணு போகும். செவ்வந்தியப்பன் பவுனு கிட்டப் போய்ச் சேந்துட்டான். ரெண்டும் உசுரோட இருக்கு. பாலம் போச்சு. மலை இடியறதும் நின்னுருச்சு. இவங்க ரெண்டு பேரும் இந்தக் கரைல, அவனும் கழுதையும் அந்தக் கரைல."

"இது அநியாயமுங்க" என்றார் மாமா.

"விடுங்க மாமா, நான் போய்க் கூட்டிட்டு வந்துக்கறேன்" என்றாள் கோகிலா. "நான்தான் ஏற்கெனவே வாக்குக் குடுத்துட்டேனே."

"எப்படிப் போவே? பள்ளமில்ல அது? கயிறு வேணும், நல்ல தேங்கா நார்க் கயிறு." மாமா மேசையைப் பார்த்தபடி தாடையைச் சொறிந்தார். "நான் கொண்டு வர்றேன். இன்னைக்கு வேலை இருக்குது. அடுத்த ஞாயித்துக்கெழம கயித்தோட வர்றேன்."

சொல்லி முடித்ததும் பழக்கத்தில் அவர் கண் சுவருக்குப் போனது. எங்கள் கண்ணும் போனது. மணி அடிக்கவில்லை. மாமாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"வர மாட்டாரு" என்றாள் ஜெசிந்தா, கதவு சாத்தியதும்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மேசையைத் துடைத்து, கட்டைகளை வைத்து, நாற்காலிகளை இழுத்துப் போட்டேன். ஐந்து போட்டேன்.